முங்காத முழங்கை

பம்ப்செட் தொட்டித் தண்ணீருக்கென்று ஒரு வாடை உண்டு. பாசியும் சிமெண்டும் மோட்டாருக்கு வைக்கிற கிரீஸும் கலந்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் மூக்கில் பட்டால் தும்மல் வந்துவிடும் போலிருக்கும் அந்த வாடையோடுதான் என் ஆத்துமாவின் தலைவலி தொடங்குகிறது. மம்சாபுரத்துக்கு மேற்கே ஒரு விசுவாசியின் தென்னந்தோப்பில், தொடை அளவுத் தண்ணீரில், வெள்ளைப் பாவாடை காற்றுப் புகுந்து உப்பி என்னைச் சுற்றி மிதக்க, பல் கிட்டிப்போய் நான் நின்ற அந்தக் காலையில் எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்திருந்தது. எண்பதுகளின் பின்பாதி. வழக்கமாக எங்கள் ஜெபவீட்டுக்காரர்கள் ஞானஸ்நானத்துக்குப் பிளவக்கல் அணைப் பக்கம்தான் போவார்கள். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டதால் அங்கே சேறுதான் கிடந்தது, அதனால் தொட்டி. அந்தத் தொட்டியாவது நிரம்பியிருக்க வேண்டும். பாதி நிரம்பும்போதே கரண்ட் போய்விட்டது. பாஸ்டர் ஐயா கொஞ்ச நேரம் மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இது போதும், கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அவர் சொன்ன அந்தப் "போதும்" எனக்குப் பல வருஷங்களுக்குப் போதாமல் போயிற்று.

எங்கள் ஆட்கள், குழந்தையின் தலையில் தண்ணீர் தெளிப்பதை ஞானஸ்நானம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். விவரம் தெரிந்த வயதில், தன் வாயால் விசுவாசத்தை ஒப்புக்கொண்டு, ஆள் முழுசாகத் தண்ணீருக்குள் போய் எழும்ப வேண்டும். பழைய ஆள் செத்து, அடக்கமாகி, புது ஆளாக எழுந்திருப்பதாக அதற்கு அர்த்தம். இதைப் பாஸ்டர் ஐயா ஒரு மாதம் ஞாயிறுதோறும் எனக்குப் பாடம் எடுத்திருந்தார். இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்கே வைத்துக்கொள், மல்லாக்கச் சாய்ப்பேன், பயப்படாதே என்றும் சொல்லியிருந்தார். எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் அவர் கை என் பிடரியில் பட்டதும் என் வலது கை தானாகப் போய் மூக்கைப் பொத்திக்கொண்டது. சாய்த்தார். காதுக்குள் தண்ணீர் இரைந்தது. எழுப்பினார். கரையில் நின்றவர்கள் பாட ஆரம்பித்தார்கள், அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நான் புது ஆளாகிவிட்டேன் என்று நினைத்துத் தொட்டி விளிம்பில் கை ஊன்றி ஏறினேன்.

விளிம்பில் உட்கார்ந்திருந்த என் தங்கை ரூத் என் காதில் சொன்னாள்: "ஏக்கா, ஒன் கைமுட்டி முங்கல. நான் பாத்தேன். வெளிய நீட்டிக்கிட்டு நின்னிச்சி."

மூக்கைப் பொத்தினால் முழங்கை மேலே தூக்கும், தண்ணீரோ குறைவு, அவள் சொன்னதில் பொய்யில்லை. பழைய ஆளை அடக்கம் பண்ணியாயிற்று, ஆனால் வலது முழங்கை மட்டும் மண்ணுக்கு வெளியே. யாராவது அப்படிப் புதைப்பார்களா? அன்று சாயங்காலமே, இதை இன்னொரு முறை சொல்லிச் சிரித்தாள் என்பதற்காக ரூத்தின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். வைத்த பிறகுதான் கவனித்தேன், அடித்தது வலது கை. முங்காத கை தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். பன்னிரண்டு வயதில் கட்டின முடிவை அவிழ்க்க ஆள் வேண்டும். யாரும் வரவில்லை.

எங்கள் வீடு ராஜபாளையத்தில், மில் சங்கு ஊதினால் பாத்திரம் அதிரும் தூரத்தில், ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொள்ளும் லைன் வீடு. அப்பா அந்த மில்லில் ஃபிட்டர். சுவருக்கு அந்தப் பக்கம் ஏட்டையா. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பாக்கியம் அத்தை எங்களோடு ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெபவீட்டுக்கு வருவாள், அவர் வரமாட்டார். அப்பா சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் பாட ஆரம்பித்தால் அங்கே ரேடியோவின் சத்தம் ஏறும். அப்பா வேலை முடிந்து சைக்கிளை நிறுத்தினால், "என்ன அல்லேலூயா, ஷிப்டு முடிஞ்சிருச்சா?" என்பார். வாயைத் திறந்தால் ஸ்டேஷன் பாஷைதான். அத்தை அவருக்காக அழுது ஜெபிக்கும்போது நாங்கள் எல்லாரும் ஆமென் சொல்வோம், ஆனால் உள்ளூர யாருக்கும் நம்பிக்கை கிடையாது.

சனிக்கிழமைகளில் யாராவது ஒரு விசுவாசி வீட்டில் கூட்டம் நடக்கும். பாய் விரித்து உட்கார்ந்து, ஒவ்வொருவராக எழும்பிச் "சாட்சி" சொல்ல வேண்டும். சாட்சிக்கு ஒரு அச்சு இருந்தது. முன்னால் நான் எவ்வளவு கெட்டுக் கிடந்தேன், எந்தத் தேதியில் கர்த்தர் என்னை இரட்சித்தார், இப்போது எனக்குள் எம்புட்டுச் சமாதானம். அப்பாவுக்கு ஒரு தேதி இருந்தது. அதை அவர் தன் பிறந்தநாளைவிடச் சரியாகச் சொல்வார். அம்மாவுக்கும் ஒன்று இருந்தது. எனக்கு முன்னால் கெட்டுக் கிடக்க வயதே இல்லை, தேதியாக ஒரு தொட்டி இருந்தது, அதிலும் முழங்கை முங்கவில்லை, மூன்றாவதாகச் சமாதானம் என்று நான் சொன்னது சுத்தப் பொய். பெரியவர்கள் தலையாட்டிக்கொண்டு "ஸ்தோத்திரம்" சொன்னார்கள். என் பொய்க்கு ஸ்தோத்திரம் விழுகிற ஒவ்வொரு முறையும் என் மேல் எனக்கே எரிச்சல் வந்தது, அவர்கள் மேல் அதைவிட அதிகமாக வந்தது.

"ஒனக்கு இரட்சிப்பின் நிச்சயம் இருக்கா பாப்பா?" பாவம் மன்னிக்கப்பட்டுப் பரலோகம் உறுதி என்று உனக்குத் தெரியுமா என்று அர்த்தம். இதுதான் அந்தக் காலத்தில் என்னை யாரும் எங்கே பார்த்தாலும் கேட்கிற கேள்வி. மற்ற பிள்ளைகளைச் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றால் பொய், இல்லை என்றால் முழங்கால் போடச் சொல்லி அங்கேயே ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுவார்கள். உனக்குள்ளே பார், அங்கே நிச்சயம் இருக்கும் என்றார்கள். நானும் பார்த்தேன். உள்ளே கோபம் இருந்தது. ரூத்தின் புது ரிப்பன் மேல் பொறாமை இருந்தது. ஜெபத்தில் தூக்கம் இருந்தது. ஒரு தடவை துணிந்து பாஸ்டர் ஐயாவிடம், "சந்தேகம் வந்தா என்ன செய்யணும் ஐயா?" என்று கேட்டேன். "சந்தேகம் பிசாசு குடுக்கிறது பாப்பா, எடங்குடுக்காத" என்றார். அதற்குப் பிறகு முழங்கையோடு பிசாசும் சேர்ந்துகொண்டது. அப்பாவிடம் கேட்டால், "விசுவாசிம்மா. விசுவாசின்னா விசுவாசிதான், அதுல என்ன கேள்வி" என்று துண்டை உதறிப் படுத்துவிடுவார். இரண்டு நிமிஷத்தில் குறட்டை. அந்தக் குறட்டையில் இருந்த நிம்மதியைக் கேட்டுக்கொண்டே நான் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பேன்.

தெருக் குழாயடியில் வாளி நிரம்பினதும் யாரும் பார்க்காத நேரம் பார்த்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று முணுமுணுத்து முழங்கையை முக்கிப் பார்த்ததும் உண்டு. ஆனால் தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்ள முடியாது என்று பாடம் எடுத்திருந்தார்களே. அப்புறம் வருஷா வருஷம் நடக்கும் எழுப்புதல் கூட்டம். வெளியூர்ப் பிரசங்கியார் கடைசியில், இயேசுவுக்கு வாழ்க்கையை ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்பார். போன வருஷமும் தூக்கினேன், அதற்கு முந்தின வருஷமும் தூக்கினேன், முன்னால் போய் மண்டியிட்டு அழுதேன், இருந்தாலும் விட்டுவிட மனசு வராது. ஒரு வருஷம், வலது கை சரியில்லாத கையாயிற்றே, அதைக் காட்டினால் ஆண்டவர் எப்படி ஏற்றுக்கொள்வார் என்று இடது கையைத் தூக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "ஏட்டி, பீச்சாங்கையவா தூக்குவ ஆண்டவருக்கு?" அவள் கிள்ளினதில் வந்த கண்ணீரைப் பார்த்து, பின்னால் இருந்த அம்மா ஒருத்தி, பிள்ளைக்குப் பாவ உணர்வு வந்துவிட்டது என்று என் தலையில் கை வைத்து ஜெபித்தாள். கூட்டம் முடிந்த வாரமே ரூத்தோடு சண்டை. "நாய் வால நிமித்துனாலும் ஒன் கோவத்த நிமித்த முடியாதுட்டி" என்பாள் அம்மா. அவள் சும்மாதான் சொன்னாள், எனக்கு அது தீர்ப்பாகக் கேட்டது.

இதில் வருகைப் பயம் வேறு. இயேசு ஒருநாள் திடீரென்று வருவார், தம்முடையவர்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார், மற்றவர்கள் இங்கேயே கிடப்பார்கள் என்று பிள்ளைகளுக்குப் படம் போட்ட மாதிரி சொல்லியிருந்தார்கள். எட்டாம் வகுப்பில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அம்மாவைக் காணோம். அன்று காய்ச்சல் என்று பள்ளிக்கு வராமல் வீட்டில் கிடந்த ரூத்தையும் காணோம், அவள் போர்த்தியிருந்த போர்வை மட்டும் பாயில் கிடந்தது. வாசலுக்கு வந்து பார்த்தேன். பக்கத்து வாசலில் ஏட்டையா நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததில் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை. அவர் இருக்கத்தானே செய்வார். "அத்தை எங்க?" என்றேன். "தெரியலயே, இப்பதான் இருந்தா, ஆளக் காணும்" என்றார். முடிந்தது. பாக்கியம் அத்தையும் போயாயிற்று. இந்த உலகத்தில் மிச்சம் நானும் ஏட்டையாவும். நான் அழுத அழுகையில் அவர் பயந்துபோய், பேப்பரைப் போட்டுவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் தன் பனியனில் என் மூக்கைத் துடைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தெரு முனையில் மூன்று பேரும் மண்ணெண்ணெய் டின்னோடு வந்தார்கள். ரேஷன் கடையில் திடீரென்று ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினார்களாம், காய்ச்சல்காரியைத் தனியாக விட முடியாதென்று இழுத்துக்கொண்டு போனார்களாம். சோறு தீய்ந்ததற்கு எனக்குத்தான் திட்டு விழுந்தது.

பிளஸ் டூ முடித்த வருஷம், எனக்கு இந்த வாழ்க்கை போதும் போதும் என்றாகிவிட்டது. தொண்ணூறுகள் பிறந்திருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஐயாவிடம் போய், எனக்கு மறுபடியும் ஞானஸ்நானம் வேண்டும் என்றேன். காரணம் கேட்டார். முழங்கை என்று சொல்ல நாக்கு வரவில்லை, "நிச்சயம் இல்லை ஐயா" என்றேன். அவர் முகம் சுருங்கிற்று. இரண்டாம் தடவை கொடுப்பது வழக்கமில்லை, ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன், வருகிற சனிக்கிழமை மம்சாபுரத் தொட்டியில் சிலருக்குக் கொடுக்கிறேன், நீயும் வா என்றார். அம்மாவிடம் கூட்டம் என்று மட்டும் சொன்னேன். வெள்ளைப் பாவாடை சட்டையை மஞ்சள் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, ரூத்தைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்ததும் இறங்கத் தயாராக வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்; அங்கே இறங்கித்தான் மம்சாபுரத்துக்குப் பஸ் மாற வேண்டும். அன்று தேர்த் திருவிழாக் கூட்டம், பஸ் ஊர்ந்தது. இன்றைக்கு முங்கிவிட வேண்டும், முங்காவிட்டால் எனக்கு இனி வழியில்லை என்று கோபுரத்தைப் பார்த்தபடியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோப்பில் எங்களுக்கு முன்னால் ஒரு அம்பாசிடர் கார் நின்றது. அதன் பின்சீட்டில், காலை நீட்டிக்கொண்டு, ஏட்டையா.

அவர் செட்டியார்பட்டி விலக்கில் மொபெட் சறுக்கி விழுந்து, வலது காலுக்கு முழங்காலுக்கு மேல் வரை மாவுக்கட்டுப் போட்டு ஒரு மாதமாகப் படுக்கையில் கிடந்தது எங்களுக்குத் தெரியும். ரேடியோவும் ரிப்பேராகிக் கிடந்ததால் சுவர் வழியாக அப்பாவின் பாட்டைக் கேட்பதைத் தவிர அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. பிறகு அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரணை நடத்த ஆரம்பித்தார். இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கின திருடன் கடைசி நேரத்தில் ஒரே வார்த்தையில் பரதீசுக்குப் போனான் என்பதை அவரால் விடவே முடியவில்லை. "அது எப்படி, கேஸே நிக்காதே" என்று சாயங்காலம்தோறும் சண்டை போட்டார். அந்தச் சண்டை இங்கே வந்து முடியும் என்று நாங்கள் நினைக்கவில்லை. காரின் முன்சீட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் வந்ததைப் பார்த்து அவரும், அவர் வந்ததைப் பார்த்து நானும் முழித்தோம்.

பாஸ்டர் ஐயா கார் கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். கட்டு நனையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பிரித்த பிறகு பார்க்கலாம், அவசரம் என்ன என்றார்.

"அதுக்குள்ள நான் மனசு மாறிட்டம்னா?" என்றார் ஏட்டையா. "என்னய எனக்குத் தெரியும் சார். நாளைக்கு இதே வாய் வேற பேசும். இன்னைக்கே முக்குங்க."

பாக்கியம் அத்தை சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். கடைசியில் தோப்புக்காரர் உரச்சாக்குக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து, கட்டுப்போட்ட காலில் மாட்டிச் சணலால் இறுக்கினார். நான்கு பேர் தூக்கித் தொட்டிக்குள் இறக்கினார்கள். இந்தத் தடவை தொட்டி நிரம்பி வழிந்தது. இரண்டு பேர் தண்ணீருக்கு மேலே அந்தக் காலைத் தோளில் தாங்கிக்கொண்டார்கள். பாஸ்டர் ஐயா மந்திரம்போலப் பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று சொல்லி அவரைச் சாய்த்தார். ஏட்டையா முழுக்க உள்ளே போனார், கால் மட்டும் பிளாஸ்டிக் பையோடு வானத்தைப் பார்த்து நின்றது. எழுப்பினதும் மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது போலிருக்கிறது, ஸ்டேஷனில் புழங்கின ஒரு முழு வார்த்தை அவர் வாயிலிருந்து தோப்பு பூராவும் கேட்கும்படி வந்து விழுந்தது. புது ஆளின் முதல் வார்த்தை அதுதான். பாட வாயைத் திறந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பாஸ்டர் ஐயா கேட்காதவர்போலக் கையை உயர்த்தி ஸ்தோத்திரம் என்றார். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள்.

அவ்வளவுதான். அந்தக் காலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு நிம்மதி வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது ஆத்திரம். முழங்கை அளவுக்காக நான் எத்தனை வருஷம் செத்துப் பிழைத்திருக்கிறேன், இங்கே ஒரு முழுக் கால் வெளியே நிற்கிறது, ஆள் கெட்ட வார்த்தை பேசுகிறார், எல்லாரும் சந்தோஷமாகக் காப்பி ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். நேரே பாஸ்டர் ஐயாவிடம் போய், "அவிய காலு முங்கலையே ஐயா" என்றேன். நான் கத்தினதில் எல்லாரும் திரும்பினார்கள். அவர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே, அதுக்கென்ன இப்ப என்பதுபோலப் பார்த்தார்.

பதில் நாற்காலியில் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்த ஏட்டையாவிடமிருந்து வந்தது. அவருக்குக் குளிர், கால் வலி வேறு, எரிந்துதான் விழுந்தார். "முங்காட்டிப் போகுது, அதுக்கு என்ன தாயி இப்ப? கால வெட்டி மம்சாபுரத்துல வச்சிட்டு மிச்சத்த மட்டுமா ஆண்டவரு கூட்டிட்டுப் போவாரு? எடுத்தா முழு ஆளாத்தான எடுக்கணும்?"

ரூத் பக்கென்று சிரித்துவிட்டாள். நான் அவளை அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கின கை எது என்று பார்த்தேன். அதே கை. அதை இறக்கினேன். இந்தக் கை இல்லாமல் நான் எந்த ஊருக்கும் போக முடியாது, இதை விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போகிறவரும் அவர் இல்லை, இதில் நான் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. உள்ளே பார் என்று சொன்னவர்கள் எல்லாரும் என்னையே பார்க்கச் சொன்னார்கள். தூக்கிக்கொண்டு போகிறவர் யார் என்று பார் என்று ஒருத்தராவது சொல்லியிருந்தால் என்ன?

"நீ வாரியா பாப்பா?" என்று பாஸ்டர் ஐயா கேட்டார். "இல்ல ஐயா" என்றேன். அப்பா என் கையிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்துவிட்டு ஏட்டையாவைக் காரில் ஏற்றப் போனார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ரூத் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வீட்டில் பையைப் பிரித்த அம்மா, வெள்ளைத் துணியை எதற்குக் கொண்டுபோனாய், மடிப்புக்கூடக் குலையவில்லையே என்று கேட்டாள். தேவைப்படவில்லை என்றேன். அன்று நான் தூங்கினேன்.

அதோடு கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இன்னும் இருக்கிறது, என் பிள்ளைகளைக் கேளுங்கள். ஏட்டையாவும் கடைசி வரை அந்த வார்த்தைகளை விட்டபாடில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையில் தட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்பார், அடுத்த தெருவில் மறுபடி சொல்வார். அவரும் அப்பாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. மில் சங்கு நின்று வெகுகாலம். மம்சாபுரத்துத் தோப்பில் தென்னையை வெட்டி, தொட்டியை இடித்து, கல் நட்டுப் பிளாட் போட்டிருக்கிறார்கள். ஜெபவீடு இப்போது மாடிக் கட்டடம். உள்ளேயே நீல டைல்ஸ் பதித்த தொட்டி, வெந்நீர் வசதியோடு. அந்தப் பச்சை வாடை இல்லை.

போன மாதம் அங்கே பதினொன்றோ பன்னிரண்டோ வயதில் ஒரு சிறுமிக்கு ஞானஸ்நானம். சாய்க்கும்போது பயத்தில் ஒரு காலைத் தூக்கிவிட்டாள், பாதம் வெளியே தெரிந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா, "பாதம் முங்கலையே" என்றாள். இளம் பாஸ்டர் சரி என்று இன்னொரு முறை சாய்த்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிற்று. எழுந்துபோய்ச் சத்தம் போட வேண்டும் போலிருந்தது, ஆனால் எனக்கு ஏட்டையாவின் வாய் கிடையாது. ஆராதனை முடிந்து எல்லாரும் டீக்குப் போனபோது அந்தப் பிள்ளை மட்டும் மாடிப்படியில் ஈரத் தலையோடு உட்கார்ந்து தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, ரெண்டாவது தடவை முக்குனப்ப முங்குச்சா? நீங்க பாத்தீங்களா?"

முங்கிற்று என்று சொல்லியிருக்கலாம். அவள் அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். நாளைக்கு வேறொன்று முங்காமல் நிற்கும்.

"நான் பாக்கல" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து, சேலையை விலக்கி வலது முழங்கையைக் காட்டினேன். "இது முங்கவே இல்ல. இம்புட்டு வருஷமா இதோடதான் இருக்கேன், ஆண்டவரும் என்னய விடல. வா, டீ ஆறுது."

அவள் என் முழங்கையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தாள்.